சாவா மூவா முதல்

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் செல்வம் பல தலைமுறைகளாக நிலத்திலேயே இருந்து வந்தது. நஞ்சையும் புஞ்சையும், ஏரிப்பாசனமும் கிணறும், களத்துமேடும் நெற்குதிருமே அவர்தம் உடைமை. அந்த உடைமையின் இயல்பை வீட்டுச் சிறுவரும் அறிந்திருந்தனர். எந்த வரப்பு எங்கே முடிகிறது, எந்தக் காணி எந்தப் பருவத்தில் என்ன தரும், எந்த ஆண்டு ஏரி நிரம்பாது என்பனவெல்லாம் கேட்டும் கண்டும் வந்த அறிவாகும். ஆகவே தந்தை மறைந்து மகன் பொறுப்பேற்ற போது, பொருள் கைமாறியதோடு அப்பொருளை ஆளும் அறிவும் உடன் கைமாறியது.

கடந்த அரை நூற்றாண்டில் இந்நிலை மாறிவிட்டது. கல்வியால் உயர்ந்த இளந்தலைமுறையினர் ஆசிரியராகவும் அலுவலராகவும் பொறியாளராகவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றனர். ஊரில் முதியோர் காலமான பின், உழுவதற்கு ஆளின்றி நிலம் விற்கப்படுகிறது. விலைப்பணம் பாகம் பிரிக்கப்பட்டு வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. சமணருக்கும் பொருந்துவதாகிய 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுமைக்கும் 2005இலும் திருத்தப்பட்டு, பிதிரார்ஜிதச் சொத்தில் மகளிர்க்கும் சம உரிமை அளித்தது. இதனால் மாதச் சம்பளத்தையன்றிப் பெருந்தொகையைக் கையாண்டறியாத ஆடவரும், குடும்பக் கணக்கையன்றி வேறு கணக்கு எழுதியறியாத மகளிரும் ஒரே நாளில் முதலுடையோர் ஆகின்றனர். நிலத்தை ஆளும் அறிவு இவர்களுக்கு வந்திருக்கலாம். பணத்தை ஆளும் அறிவு இனித்தான் வரவேண்டும்.

இத்தகையோர்க்கு வரலாறு வழிகாட்ட வல்லதா என்று ஆராய்தல் தகும். முன்னோர் விட்டுச்சென்ற பொருளைக் காத்தவரும் இழந்தவரும் எக்காலத்தும் இருந்துள்ளனர். அவர் செய்தவை இலக்கியத்திலும் கல்லிலும் நீதிமன்ற ஏட்டிலும் பதிவாகியுள்ளன.

அறநூல் வகுத்த அளவு

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைக்கப்பட்டது மிகுபொருள் விரும்பாமை. துறவியர்க்கு இது முற்றத் துறத்தலாகும். சாவகர்க்கோ, தம் உடைமைக்கு ஓர் அளவு வகுத்துக்கொண்டு அதனைக் கடவாதிருத்தலாகும். பொருளீட்டலை அறநூல் இல்லறத்தாருக்கு விலக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. இல்லையேல் ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என்னும் நால்வகைத் தானத்தை எவ்வாறு செய்ய இயலும்?

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தினை எண்ணிக் கூறுகிறது. அளவிறந்து ஓட்டுதல், அளவிறந்து சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை கொள்ளுதல், தாங்காத சுமை ஏற்றுதல் என்பன அவை. ஓட்டுதலும் சுமை ஏற்றுதலும் பொதி சுமக்கும் உயிர்களை எண்ணிச் சொல்லப்பட்டவை. எனினும் இவ்வைந்தினையும் ஒருசேர நோக்குவார்க்கு, பொருளாசை மனிதனை எவ்வெவ் வழியாக வீழ்த்தும் என்பதன் முழு வரைவும் இதில் கிடைக்கும். குறிப்பாக, பிறர் செல்வம் கண்டு வியத்தலைத் தனியொரு குற்றமாக எடுத்துரைத்த நுட்பம் போற்றத்தக்கது. பிறன் அடைந்த ஆதாயத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்பவனே அடுத்த நொடியில் தன் முதலை எடுத்து நீட்டுகிறான். இதற்கு 1865ஆம் ஆண்டின் மும்பை சான்றாக நிற்பதைப் பின்னர்க் காணலாம்.

சமண முனிவர் பாடிய நாலடியார் செல்வம் நிலையாமை என்னும் அதிகாரத்தோடு தொடங்குவதும் நினைக்கத்தக்கதே. செல்வம் நிலையாது என்று அறிந்தவன் இருவகையில் நடத்தல் கூடும். நிலையாததுதானே என்று வாரி இறைத்தல் ஒருவகை. நிலையாத தன்மை உடையதாதலின் விழிப்போடு காத்து, அறத்திற்குப் பயன்படுத்துதல் மற்றொருவகை. முன்னோர் இரண்டாவதைக் கைக்கொண்டனர் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்றாகின்றன. அவற்றைக் காணுமுன், முதல்வகையில் நடந்து பின் வருந்திய ஒருவன் கதையை நோக்குதல் நன்று.

கோவலன் இழந்த இரண்டு முதல்கள்

சமணத் துறவியாகப் போற்றப்படும் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தைக் கற்பின் காவியமாகவும் ஊழின் காவியமாகவும் கற்பது வழக்கம். மரபுச் செல்வத்தைக் கையாள அறியாத ஓர் இளைஞனின் கதையாகவும் அதனைக் கற்கலாம். கோவலன் புகாரின் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். பதினாறாண்டு அகவையில் மணம் முடித்து, பெருஞ்செல்வத்தோடு தனிமனை புகுந்தான். அச்செல்வம் அவன் ஈட்டியதன்று. அதனை ஈட்டிய உழைப்பையும் கடல் வாணிகத்தின் இடரையும் அவன் கண்டதாகக் காவியம் கூறவில்லை. குலத்தார் குன்றெனக் குவித்த பொருளைத் தொலைத்துவிட்டு, அதற்கு நாணுவதாக அவனே கண்ணகியிடம் உரைக்கின்றான்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கண்ணகி தன் சிலம்பைத் தர முன்வந்தபோது, அச்சிலம்பையே முதலாகக் கொண்டு இழந்ததை மீட்பதாகக் கோவலன் கூறுகின்றான். முதல் என்னும் வணிகச் சொல்லையே இளங்கோவடிகள் அவன் வாயில் வைத்துள்ளார். எஞ்சியது ஒன்றே முதல். அதனையேனும் ஆய்ந்து காத்திருக்க வேண்டும். ஆனால் பெற்றோர்க்கும் அறிவியாது பொழுது புலருமுன் ஊரை விட்டு அகல்கின்றான். மதுரையில் அவன் குலத்து வணிகர் இருந்தனர். அவர்கள் ஏற்றுக்கொள்வர், அவர்களை நாடுக என்று மாடலனும் கவுந்தியடிகளும் அறிவுறுத்தியும் இருந்தனர். இருந்தும் விற்கச் சென்ற அன்று, தெருவில் பரிவாரத்தோடு எதிர்வந்த பொற்கொல்லனைக் கண்டு, அவன் தோற்றத்தால் அரசர்க்கு அணுக்கன் என்று கருதி, அவனிடமே சிலம்பின் விலையை மதிப்பிடச் சொல்கின்றான். மற்றொருவரைக் கேட்கவில்லை; ஒருநாள் பொறுக்கவுமில்லை.

ஊழ்வினை உருத்து வந்ததே இதற்குக் காரணம் என்று காவியம் கூறும். ஆயினும் ஊழ் நுழைந்த வாயில்கள் எவை என்று எண்ணிப் பார்த்தல் தவறாகாது. அவசரமும், தனிமையும், தோற்றத்தை நம்புதலும், முழு முதலையும் ஒருவர் கையில் ஒப்படைத்தலுமே அவ்வாயில்கள்.

கல்லில் எழுதிய கணக்கு

சமணப் பள்ளிகளிலும் பிற கோயில்களிலும் காணப்படும் கல்வெட்டுகளுள் பல நிவந்தக் கல்வெட்டுகளே. ஒருவர் பொன்னோ காசோ ஆடோ நிலமோ கொடுத்து, அதன் வருவாயினால் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் அடிகளை உண்பிக்கவும் ஏற்பாடு செய்வதே நிவந்தம். பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரகரையும் இயக்கியரையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் ஓர் அடிகளுக்கு உணவளிக்கவும் 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகிறது. போளூருக்கு அண்மையில் உள்ள திருமலையில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்பார் குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கிற்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்ததைக் குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகர் குடும்பப் பெண்மணி தம் பெயரில் நிலைநிதி வைத்து, அதனை இன்ன செலவுக்கு இவ்வளவு என்று பிரித்தும் எழுதுவித்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இத்தகைய நிவந்தங்கள் இயங்கிய முறை யாது? கொடுத்த பொன் முதல் எனப்பட்டது. அதன்மேல் வரும் வட்டி பொலிசை அல்லது பலிசை எனப்பட்டது. பொலிதல் என்பதற்குப் பெருகுதல் என்று பொருள். களத்தில் நெல் பொலிவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். முதல் குறையாது நிற்க, பொலிசையினால் மட்டுமே செலவு நடைபெற வேண்டும். அதுவும் சந்திராதித்தர் உள்ளளவும் நடைபெற வேண்டும் என்பதே நிவந்தங்களின் நியதி.

வட்டி வீதமும் கல்லிலேயே எழுதப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் காணும் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை என்கின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. எண்பது காசு முதல் வைத்தால் ஆண்டுக்குப் பத்துக் காசு செலவிடக் கிடைக்கும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. கோயிலுக்கு வந்த காசு முழுவதும் ஒருவரிடமே கொடுக்கப்படவில்லை. பற்பல ஊர்ச் சபைகளுக்குப் பகுத்துக் கடனாகக் கொடுக்கப்பட்டு, எச்சபை எவ்வளவு பெற்றது, ஆண்டுதோறும் என்ன அளக்க வேண்டும் என்பது ஊர்ப்பெயரோடு பொறிக்கப்பட்டது. ஓரூரில் வெள்ளமோ வறட்சியோ நேரினும் பிற ஊர்களின் பொலிசை விளக்கை அணையாமல் காக்கும். பொருளைப் பலவிடத்தில் பகுத்து வைக்க வேண்டும் என்று இற்றைப் பொருளியலார் கூறும் கொள்கையை அன்றைய பண்டாரத்தார் நடைமுறையிலேயே கொண்டிருந்தனர்.

ஆடு கொடுத்த நிவந்தங்கள் இன்னும் அழகியவை. ஒரு நந்தாவிளக்கிற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் மன்றாடியிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கும். உலகில் சாவாத ஆடும் இல்லை; மூப்படையாத ஆடும் இல்லை. ஆனால் ஈனும் குட்டிகளிலிருந்து இறந்தவற்றுக்கும் கிழடானவற்றுக்கும் ஈடு செய்து, எண்ணிக்கை தொண்ணூறுக்குக் குறையாமல் காப்பது மன்றாடியின் கடன். மந்தைக்குள் ஒவ்வோர் ஆடும் மாறிக்கொண்டே இருக்க, மந்தை மட்டும் மாறாதிருக்கும்.

இந்த ஏற்பாட்டை முதலீட்டுப் பாடமாகக் கொள்ளின் நான்கு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, பொன்னைப் புதைத்து வைக்கவில்லை, உழைக்கச் செய்தனர். பானையில் கிடக்கும் பொன்னால் ஒருநாள் விளக்கும் எரியாது. விலைவாசி ஏறும் இக்காலத்தில் வெறுமனே முடங்கிய பணம் ஆண்டுதோறும் தேய்வதும் உண்மை. இரண்டாவது, பொருளைப் பெற்றவர் அதனை எவ்வாறு பெருக்குவார் என்பது கொடுத்தவர்க்குத் தெரிந்திருந்தது. ஊர்ச்சபைக்கு நிலமும் விளைச்சலும் உண்டு. மன்றாடிக்கு மேய்ச்சல் தொழில் உண்டு. மூன்றாவது, பெருகியதில் ஒரு பகுதியை முதலின் தேய்மானத்தை ஈடுசெய்ய ஒதுக்கினர். நான்காவது, ஏற்பாடு முழுவதும் ஊரறியக் கல்லில் எழுதப்பட்டது. மறைவான உடன்படிக்கைக்கு அங்கே இடமில்லை.

மும்பை, 1865

இந்நான்கும் மறக்கப்பட்டபோது நேர்ந்ததை அறிய, காலத்தால் எட்டு நூற்றாண்டுகள் கடந்து மும்பைக்குச் செல்ல வேண்டும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்கவில்லை. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. மும்பைத் துறைமுகத்திற்குள் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. அத்தனை பணத்திற்கும் உரிய தொழில் அங்கே இல்லை. ஆதலின் புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் நாள்தோறும் தோன்றி, பங்குகளை வெளியிட்டன. பேக் பே என்னும் கடற்பகுதியை மீட்க எழுந்த நிறுவனத்தின் 5,000 ரூபாய் செலுத்திய பங்கு 50,000 ரூபாய் வரை உயர்ந்தது. அண்டை வீட்டார் ஒரே திங்களில் செல்வரானதைக் கண்டவர்கள் அந்நிறுவனம் எதைச் செய்து இலாபம் ஈட்டும் என்று கேளாமலே வாங்கினர். கடன் பட்டும் வாங்கினர். தவணைநாளில் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தும் வாங்கினர். அறநூல் கூறிய வியத்தலும் பேராசையும் தாங்காத சுமையும் ஒரு மாநகரையே பற்றிக்கொண்டன.

இச்சூதாட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவர் பிரேம்சந்த் ராய்சந்த். சூரத்தைச் சேர்ந்த சமண வணிகர் குடும்பத்தில் பிறந்து, பருத்தித் தரகாலும் பங்குத் தரகாலும் மும்பையின் முதற்பெரும் செல்வராக உயர்ந்தவர். 1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்த செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது. தவணை ஒப்பந்தங்கள் முதிர்ந்த நாளாகிய 1865 ஜூலை 1 அன்று, கொடுக்க வேண்டியவர் எவரிடமும் பணம் இல்லை. பங்குகளை ஈடாகக் கொண்டு பெருங்கடன் கொடுத்திருந்த மும்பை வங்கியும் இதிலிருந்து தப்பவில்லை. 2,850 ரூபாய் வரை சென்ற அவ்வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. 1868இல் பழைய வங்கி கலைக்கப்பட்டு, அதே பெயரில் புதிய வங்கி தோன்றியது. பிரேம்சந்தின் செல்வக் கோபுரமும் சாய்ந்தது.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு பகுதி சாயவில்லை. மும்பைப் பல்கலைக்கழகத்திற்கு நூலகத்திற்கென 2 இலட்சம் ரூபாயும், மணிக்கோபுரத்திற்கென 2 இலட்சம் ரூபாயும் அவர் வழங்கியிருந்தார். 1878இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரம் அவர் அன்னையின் பெயரால் இராஜாபாய் கோபுரம் என்று இன்றும் நிற்கிறது. பொழுது சாயுமுன் உண்ணும் நெறியினராகிய அவ்வன்னைக்கு நேரம் அறிவிக்கவே மணிக்கோபுரம் எழுப்பப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த 2 இலட்சம் ரூபாய் நிலைநிதியாகி, பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை என்னும் பெயரால் வங்கத்தின் தலைசிறந்த மாணவர்களை வளர்த்தது. ஆசுதோஷ் முகர்ஜியும் வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும் அதனைப் பெற்றவர்களே. தமக்கெனச் சூதில் வைத்த பொருள் சிதறிப்போக, முதல் அழியாத நிலைநிதியாக வைத்த பொருள் அவர் காலத்திற்குப் பின்னரும் பொலிந்தது. ஐவர்மலைக் கல்வெட்டின் நியதியே இங்கும் வென்றது எனலாம்.

சென்னை, 1906

மும்பையின் வீழ்ச்சியில் சிக்கியோர் பலர் பேராசையால் தாமே சென்று சிக்கியவர்கள். சூதாடும் எண்ணமே இல்லாதவர்களும் முதலை இழக்கக்கூடும் என்பதைச் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி காட்டியது. பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட மூன்று பெரும் வெள்ளையர் வணிக நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. வாணிகத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. ஓய்வூதியம் பெறுவோர், வழக்கறிஞர், சிறுநிலக்கிழார், கைம்பெண்கள் எனப் பலரும் தம் சேமிப்பையும் மரபுப் பொருளையும் அதனிடம் வைத்திருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சென்னை மாகாணத்தின் பெருமதிப்பிற்குரிய மனிதர். அவருடைய பெயரே போதிய பிணை என்று மக்கள் கருதினர்.

வைத்த பணம் எங்கே செல்கிறது என்பதை அவர்களுள் எவரும் அறியார். இலண்டனில் நிறுவனத்தின் கூட்டாளியாக இருந்தவர் வழியே பெருந்தொகைகள் தொலைநாட்டுத் துணிவு முயற்சிகளில் கரைந்திருந்தன. 1906 அக்டோபர் 20 அன்று அக்கூட்டாளி இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்டோபர் 22 அன்று சென்னையில் கம்பெனியின் கதவு மூடப்பட்டது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அந்த ஓரிடத்திலேயே வைத்திருந்த குடும்பங்கள் ஒரே காலையில் வறுமையுற்றன. சர் ஜார்ஜ் மீது வழக்குத் தொடரப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பணம் வைத்தோர்க்கு அதனால் என்ன பயன்? அவர்களுக்கு ஒரு பகுதியே திரும்பியது.

இத்துயரத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. பாதிக்கப்பட்டோர்க்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர், இம்மண்ணின் மக்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று அது தன் பணியைத் தொடங்கியது.

சட்டம் இட்ட வேலி

இவ்விழப்புகளின் படிப்பினையால் படிப்படியாகச் சட்டங்கள் பிறந்தன. பிறர்பொருட்டுப் பணம் காப்போர் எவ்வெவற்றில் முதலிடலாம் என்பதை 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் பட்டியலிட்டு வரையறுத்தது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதன் பின், 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவர்க்கு 1,500 ரூபாய் என்று தொடங்கிய வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதலும் வட்டியும் சேர்த்து, ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள தொகையைக் கூட்டியே இவ்வரம்பு கணக்கிடப்படும். நிதி நிறுவனங்களில் வைக்கும் வைப்புகளுக்கும் பரஸ்பர நிதிகளுக்கும் இக்காப்பு இல்லை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 1992இல் சட்டப்படியான அதிகாரம் பெற்றது.

எனினும் சட்டம் பெரும்பாலும் வெள்ளம் வந்த பின் கட்டப்படும் கரையாகவே இருந்து வந்துள்ளது. 1990களில் தமிழகத்தின் நகரங்கள்தோறும் முளைத்த நிதி நிறுவனங்கள், வங்கிகள் கனவிலும் தர இயலாத வட்டியை அறிவித்துப் பணம் திரட்டின. ஓய்வுபெற்றோரின் பணிக்கொடையும் நிலம் விற்ற பணமும் அவற்றில் சென்று மறைந்தன. அதன் பின்னரே 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. 2019இல் நடுவண் அரசும் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இவற்றுக்குப் பின்னும் புதிய பெயர்களில் பழைய ஏமாற்றுகள் தொடர்வதை நாளிதழ் படிப்போர் அறிவர். எட்டில் ஒரு பங்கு வட்டி பெற ஊர்ச்சபைகளின் நிலமும் உழைப்பும் பின்னிற்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொண்டவர், அதனினும் மும்மடங்கு தருவேன் என்பவரிடம், அது எவ்விளைச்சலிலிருந்து வருகிறது என்று கேட்கத் தவறார்.

புதிதாய்ப் பொருள் பெற்றோர்க்கு

மரபுப் பொருளைப் புதிதாகப் பெறும் குடும்பத்தார் மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

பொருள் வந்தவுடன் எதையும் செய்யாதிருத்தல் முதல் நெறி. பெற்றோரை இழந்த துயரம் ஆறாத நிலையில் எடுக்கும் முடிவு தெளிவாக இராது. வங்கியில் குறுகிய கால வைப்பாகச் சில திங்கள் இருப்பதனால் பெரிய இழப்பு நேராது. அக்காலத்தில் வாரிசுச் சான்று, வருமான வரி, நிலம் விற்ற ஆதாயத்தின் மீதான வரி, பெற்றோர் விட்டுச்சென்ற கடன் ஆகியவற்றை முடித்து, உண்மையில் எஞ்சுவது எவ்வளவு என்று காண வேண்டும். கடனை நீக்குதலைவிட உறுதியான ஆதாயம் வேறில்லை.

பின்பு அதனைப் பகுக்க வேண்டும். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கும் திடீர் மருத்துவத்திற்கும் உரியது எப்போதும் எடுக்கத்தக்க இடத்தில் இருக்கட்டும். சில ஆண்டுகளுக்குள் தேவைப்படும் கல்வி, திருமணச் செலவுக்குரியது வங்கி வைப்பிலும் அஞ்சலகச் சேமிப்பிலும் அரசுப் பத்திரத்திலும் இருக்கட்டும். பத்தாண்டுக்கு மேல் தேவைப்படாத பகுதியே பங்குகளுக்கும் பங்கு சார்ந்த நிதிகளுக்கும் ஏற்றது. அதனையும் ஒரே நாளில் இடாமல், பல திங்களாகச் சிறிது சிறிதாக இட்டு, ஏற்ற இறக்கத்தின் இயல்பைக் கற்றுக்கொள்ளலாம். உழவன் மகன் ஒரே பருவத்தில் உழவைக் கற்றவனல்லன்.

எவரிடம் கொடுப்பதாயினும், இப்பணத்தை வைத்து அவர் என்ன தொழில் செய்வார் என்பதைக் குடும்பத்தில் உள்ள பள்ளி மாணவனுக்கும் விளங்குமாறு சொல்ல இயல வேண்டும். விளங்காததை விலக்குதலே தக்கது. உறவினர், ஊரார், ஒரே சமயத்தார் என்னும் அன்பு பிணையாகாது. ஆலோசனை கூறுபவருக்கு அவர் விற்கும் திட்டத்திலிருந்து தரகு கிடைக்கிறதா என்று கேட்பது அவரை அவமதிப்பதும் ஆகாது. பங்கு வாங்குவோர் அந்நிறுவனத்தின் உடைமையில் பங்காளி ஆதலின், புலால், மது போன்ற தொழில்களில் அதற்குத் தொடர்பு உண்டா என்று நோக்குதலும் கொல்லாமை நோன்பினர்க்குக் கடமையாம்.

எழுதி வைத்தல் இன்னொரு நெறி. கல்வெட்டு அனைவர்க்கும் தெரியக் கணக்கு வைத்தது. பல வீடுகளில் கணவர் மறைந்த பின்னரே, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று மனைவி தேடத் தொடங்குகிறார். ஒரு குறிப்பேட்டில் அனைத்தையும் எழுதி, ஆண்டுக்கொருமுறை மகனும் மகளும் உடனிருக்கச் சரிபார்த்தால், பொருளோடு அதனை ஆளும் அறிவும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். முன்பு களத்துமேட்டில் நிகழ்ந்த கல்வி இனி அக்குறிப்பேட்டின் முன் நிகழட்டும்.

இறுதியாக, வருவாயில் அறத்திற்குரிய பகுதியை முதலிலேயே வகுத்தல் வேண்டும். அட்சய திருதியை அன்று நெடுநாள் உண்ணாதிருந்த ஆதிபகவன் விருஷபதேவருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்தான். அட்சயம் என்பதற்குக் குறையாதது என்று பொருள். அந்நாளில் பொன் வாங்கினால் பெருகும் என்று இன்று கடைகள் விளம்பரம் செய்கின்றன. சாமுண்டப்பையோ தம் கையிலிருந்த முப்பது காசையும் கொடுத்து, முதல் குறையாமல் வைக்கச் செய்தார். அவருடைய கணவர் எவ்வளவு ஈட்டினார், அதில் எவ்வளவு மிஞ்சியது என்பதற்கு இன்று ஏடு இல்லை. அந்த முப்பது காசின் கணக்கு திருமலைப் பாறையில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.